வாரம் முழுக்க முழு சார்ஜில் கிடந்த லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி ஊதிவிட்டது, இனி என்ன செய்வது?

ரெலாவ்_ராக்கெட் | ஞாயிறு, மாலை 6.52

வணக்கம் மக்களே. இன்று காலை ரிமோட் காரை ஓட்டலாம் என்று பெட்டியைத் திறந்தால் பேட்டரி சேஸியில் உட்காரவே இல்லை. தமியா டிடி02, பிரஷ்லெஸ் மோட்டார் மாற்றிப் போட்டது. ஐந்து மாதமாக அதே பள்ளத்தில் அதே பேட்டரி வழுக்கிக்கொண்டு போய் உட்காரும், இன்று பாதியில் சிக்கி நின்றது. வெளியே எடுத்து மேசையில் வைத்தால் தொட்டில் மாதிரி ஆடுகிறது. பிளாஸ்டிக் உறையின் நடுப்பகுதி மேடாகிவிட்டது, ஓரத்தில் ஒட்டியிருந்த கோடு பிளந்து, அதன் வழியே ஒரு தித்திப்பான வாசனை, நகப்பூச்சு துடைக்கிற திரவம் மாதிரி.

2எஸ் (உள்ளே இரண்டு செல் தொடராக), 5000 எம்ஏஎச், கடையில் 140 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கியது. போட்டு மிதித்ததில்லை, தண்ணீர் பட்டதில்லை. போன ஞாயிறு மழை, அதற்கு முந்தைய ஞாயிறு உறவில் கல்யாணம், ஆக இரண்டு வாரமாக ஓட்டவே இல்லை. ஓட்டாத பேட்டரி எப்படிக் கெடும்? கடைக்காரரிடம் போய்க் கேட்டால் மாற்றித் தருவாரா? இல்லை சார்ஜர்தான் வேலையைக் காட்டிவிட்டதா?

இன்னொன்றும் கேட்கிறேன், திட்டாதீர்கள். உறையை இறுக்கி டேப் சுற்றி இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா?

பாகான்_டிரிஃப்ட் | ஞாயிறு, மாலை 7.01

முதலில் அதை வீட்டுக்கு வெளியே வை. அப்புறம் கதை பேசலாம். தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கிறது மச்சான், இப்போதே வெடி வேண்டாம்.

மில்லியோம் | ஞாயிறு, இரவு 7.30

டேப் சுற்றுவதை மறந்துவிடுங்கள். அந்த மேடு உள்ளே சேர்ந்த வாயு. அழுத்தினால் செல்லின் அடுக்குகள் ஒன்றோடொன்று உரசும், குத்தினால் இன்னும் மோசம். பாகான் சொன்னதுபோல பால்கனியில் சிமெண்ட் தரையில், ஒரு மண் பூந்தொட்டிக்குள் வையுங்கள். மழை படாமல், துணி காயப்போடும் கொடிக்குக் கீழே இல்லாமல்.

பிறகு மூன்று விஷயம் சொல்லுங்கள். பேலன்ஸ் வயரில் (செல்களைத் தனித்தனியாக அளக்க உதவும் சின்ன வயர்) ஒவ்வொரு செல்லும் இப்போது எத்தனை வோல்ட் காட்டுகிறது? வாரநாட்களில் பேட்டரி எங்கே இருக்கும்? கடைசியாக எப்போது சார்ஜ் செய்தீர்கள்?

ரெலாவ்_ராக்கெட் | ஞாயிறு, இரவு 8.15

தொட்டிக்குள் வைத்துவிட்டேன். மனைவியின் கற்றாழையை வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டியிருந்தது, அதற்குத் தனி விசாரணை நடக்கிறது.

சின்ன வோல்ட் மானியைச் செருகிப் பார்த்தேன். முதல் செல் 4.18, இரண்டாவது 4.01.

வீட்டில் தொலைக்காட்சிக்குப் பக்கத்து அலமாரியில் வைப்பேன், மேற்குப் பார்த்த ஜன்னல், மாலையில் நேராக வெயில் விழும். சார்ஜ் எப்போது என்றால், ஒவ்வொரு ஞாயிறும் ஓட்டி முடித்து வீட்டுக்கு வந்ததும் உடனே போட்டுவிடுவேன். அடுத்த வாரத்துக்குத் தயாராக இருக்கட்டும் என்றுதான். கைப்பேசியையும் அப்படித்தானே வைத்திருக்கிறோம்?

மில்லியோம் | ஞாயிறு, இரவு 9.40

அங்கேதான் இருக்கிறது விஷயம். ஓட்டாத பேட்டரி எப்படிக் கெடும் என்று கேட்டீர்கள், ஓட்டாமல் வைத்த அந்த நாட்களில்தான் அதிகம் கெட்டது.

லிப்போ செல் ஒன்றுக்கு முழு சார்ஜ் 4.2 வோல்ட். பெயரளவில் 3.7. சும்மா வைத்திருக்க வேண்டிய அளவு 3.8 முதல் 3.85 வரை, சார்ஜரில் ஸ்டோரேஜ் என்று ஒரு மோடு இருக்குமே, அது இதற்குத்தான். 2எஸ் என்றால் இரட்டித்துக்கொள்ளுங்கள்: முழுதாக 8.4, ஓய்வில் 7.6 அல்லது 7.7. 4.2-இல் நிற்கும் செல்லின் நேர்முனை உள்ளே இருக்கிற எலக்ட்ரோலைட் திரவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்துக்கொண்டே இருக்கும். நீங்கள் காரை ஓட்டினாலும் அது நடக்கும், தூங்கினாலும் நடக்கும். சிதைவதில் ஒரு பகுதி வாயுவாகிறது, கரியமில வாயுவும் எத்திலீன் மாதிரி எரியக்கூடியவையும் அதில் உண்டு. நீங்கள் முகர்ந்த தித்திப்பு வாசனை அந்தத் திரவம் கசிந்தது. இனிமேல் முகர்ந்து பார்க்க வேண்டாம்.

இதோடு நம் ஊர்ச் சூட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 10 பாகை ஏறினால் இந்த மாதிரி வேதிவினைகள் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம் பிடிக்கும் என்று ஒரு பொதுக்கணக்கு உண்டு. குளிர்நாட்டுக்காரர் ஒருவர் தன் கராஜில் 15 பாகையில் முழு சார்ஜோடு ஒரு வாரம் வைத்துவிட்டு 'எனக்கு ஒன்றும் ஆகவில்லையே' என்று காணொளி போடுவார். பினாங்கில் பிற்பகலில் நிழலிலேயே 32. உங்கள் மேற்கு ஜன்னல் அலமாரியில் 40 தாண்டியிருக்கும். அவருக்குப் பல வாரத்தில் ஆகும் சேதம் நமக்கு ஒரே வாரத்தில் ஆகிவிடும்.

இரண்டு வார மழையும் கல்யாணமும் கடைசித் தள்ளு மட்டும்தான். ஐந்து மாதத்தில் வாரத்துக்கு ஆறரை நாள் உங்கள் பேட்டரி 4.2-இல் நின்றிருக்கிறது, ஓடியது மொத்தமாக எத்தனை மணி நேரம் இருக்கும்? அதோடு ஓட்டி முடித்த சூட்டிலேயே சார்ஜும் போட்டிருக்கிறீர்கள். கைப்பேசிக்குள்ளும் இதே குடும்பத்து வேதியியல்தான், மூன்று வருடத்தில் அரை நாள்கூடத் தாங்காமல் போவதும் இதே கதைதான், அதை நாம் 'போன் பழசாகிவிட்டது' என்று சொல்லிவிடுகிறோம், அவ்வளவுதான்.

சார்ஜர் மேல் தப்பில்லை என்றே தோன்றுகிறது. 4.18 என்றால் சரியான இடத்தில்தான் நிறுத்தியிருக்கிறது. 4.01 காட்டும் செல் உள்ளுக்குள்ளேயே கசிந்து இறங்குகிறது, ஊதியது அதுவாக இருக்கும்.

செந்தூல்_12டி | ஞாயிறு, இரவு 10.22

இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். கேஎல்-இல் (கோலாலம்பூர்) இருக்கிறேன், சூடு இங்கேயும் அதே சூடுதான். என் 2எஸ் பேட்டரி மூன்று வருடமாக எப்போதும் முழு சார்ஜில்தான் கிடக்கிறது, ஊதவில்லை, ஒன்றுமில்லை. பந்தயத்துக்குக் கூப்பிட்டால் அடுத்த நிமிடம் கிளம்ப வேண்டும், ஸ்டோரேஜ் கீரேஜ் என்று உட்கார எனக்கு நேரம் இல்லை.

தம்பி வாங்கியது மட்டமான சரக்கு. மேலே 100சி என்று அச்சடித்திருப்பார்கள், உள்ளே 30 கூட இருக்காது. அதுதான் காரணம்.

மில்லியோம் | ஞாயிறு, இரவு 10.58

100சி ஸ்டிக்கர் பற்றி நீங்கள் சொல்வது முழுக்கச் சரி, அதில் நான் உங்கள் கட்சி. கணக்குப் போட்டே காட்டலாம். 5000 எம்ஏஎச் என்றால் 5 ஆம்பியர் மணி, 100சி என்றால் அதைப்போல நூறு மடங்கு, 500 ஆம்பியர். நல்ல புதுப் பேட்டரியில் செல் ஒன்றின் உள்மின்தடை 4 மில்லி ஓம் என்று வைத்துக்கொள்வோம், இரண்டுக்கும் 8. அதில் 500 ஆம்பியர் ஓடினால் 4 வோல்ட் பேட்டரிக்குள்ளேயே காணாமல் போய்விடும், 2000 வாட் சூடு. அதாவது மின்சாரக் கெட்டில் ஒன்றை அந்தச் சின்ன உறைக்குள் வைத்த மாதிரி. முனைக்குப் போட்டிருக்கிற எக்ஸ்டி60 பிளக்கின் பெயரிலேயே 60 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது! ஆகவே சி எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள், ஒரே கொள்ளளவில் எடை அதிகமாக இருக்கும் பேக்கை எடுத்தால் பெரும்பாலும் ஏமாற மாட்டீர்கள்.

ஆனால் உங்கள் மூன்று வருடப் பேட்டரி விஷயத்தில் ஒரு வேண்டுகோள். ஊதவில்லை என்பதால் கெடவில்லை என்று ஆகிவிடாது. சார்ஜரில் ஐஆர் (உள்மின்தடை) பார்க்கும் வசதி இருந்தால் அளந்து எண்ணை இங்கே போடுங்களேன்.

ரெலாவ்_ராக்கெட் | ஞாயிறு, இரவு 11.05

நான் எடையெல்லாம் பார்க்கவில்லை. ஸ்டிக்கரில் தீப்பிழம்பு படம் போட்டிருந்தது, நன்றாக இருந்தது, வாங்கினேன்.

பாகான்_டிரிஃப்ட் | ஞாயிறு, இரவு 11.07

படத்தில் இருந்ததுதான் உள்ளேயும் இருந்திருக்கிறது. கடைக்காரர் நியாயஸ்தர்.

பழைய_ஹார்னெட் | திங்கள், காலை 6.20

இதையெல்லாம் படித்துவிட்டுச் சிரிப்பு வருகிறது தம்பிமார்களே. நான் புக்கிட் மெர்தாஜாமில் இருக்கிறேன், பேரப்பிள்ளை எடுத்தவன். தமியா ஹார்னெட் 1984-இல் வந்தது, அதற்கு இரண்டு வருடம் கழித்து சம்பளத்தைச் சேர்த்து வைத்து ஒன்று வாங்கினேன். அப்போது நிக்கல் காட்மியம், ஆறு செல், 7.2 வோல்ட், சுருள் சுருளாக மஞ்சள் உறை சுற்றியது. சார்ஜ் ஏறிவிட்டதா என்று தெரிந்துகொள்ள பேட்டரியைக் கையில் பிடித்துப் பார்ப்போம். வெதுவெதுப்பு வந்தால் ஏறிவிட்டது, கையை உதற வைத்தால் நேரம் தாண்டிவிட்டது. பத்து நிமிடம் ஓடும், அதற்கே தாமான் (குடியிருப்பு) முழுக்கப் பையன்கள் கூடிவிடுவார்கள்.

அப்புறம் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வந்தது, இன்றும் அதுதான் வைத்திருக்கிறேன். முழுதாக வைத்தாலும் பாதியாக வைத்தாலும் அது கோபித்துக்கொள்ளாது. மறந்து மூன்று மாதம் அலமாரியில் விட்டால் தானாகவே இறங்கியிருக்கும், மறுபடி ஏற்றி இறக்கினால் எழுந்து நடக்கும். வேகம் குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு நாளும் அதற்காகக் கற்றாழையை வீடு மாற்றியதில்லை.

ஒரே ஒரு கெட்ட குணம் அந்த வெள்ளை நிறத் தமியா பிளக். பிரஷ்லெஸ் மோட்டாருக்குப் போட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும், பிரித்து எடுக்க முடியாது. அதை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு வேறு பிளக் போடுங்கள்.

மில்லியோம் | திங்கள், காலை 7.45

அண்ணே, ஹார்னெட் இன்னும் ஓடுகிறதா? படம் போடுங்கள். நிக்கலைப் பற்றிச் சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம் மட்டும்: அதுவும் ஷார்ட் ஆனால் வயரைச் சிவக்க வைத்துவிடும், முனை இரண்டும் உலோகத்தில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மற்றபடி தவறுகளைப் பொறுத்துக்கொள்வதில் லிப்போவை விட அது எவ்வளவோ மேல்.

கெலுகோர்_அம்மா | திங்கள், மதியம் 1.10

நான் ஓட்டுபவள் இல்லை, மகன் ஓட்டுகிறான், வயது 11. கூகிளில் தேடி இங்கே வந்தேன், படித்ததும் வயிற்றைக் கலக்குகிறது. அவனுடைய கார் பெட்டியோடு 7.2 வோல்ட் நிக்கல் பேட்டரிதான் வந்தது, 1800 எம்ஏஎச். சுவரில் செருகும் சின்ன சார்ஜர், விளக்குகூட எப்போதும் சிவப்பாகவே எரிகிறது. இரவு போட்டுவிட்டுத் தூங்கிவிடுகிறான். இப்போது நண்பன் ஒருவன் லிப்போ வைத்திருக்கிறான் என்று இவனும் பிறந்தநாளுக்குக் கேட்கிறான். நாங்கள் இருப்பது 14-ஆவது மாடி. வாங்கிக் கொடுக்கலாமா? நேராகச் சொல்லுங்கள், அவன் மனசு உடைந்தாலும் பரவாயில்லை.

செந்தூல்_12டி | திங்கள், மதியம் 1.48

அக்கா, நான் லிப்போக்காரன், எல்லாரிடமும் லிப்போ வாங்கு என்பவன், ஆனாலும் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஏன் என்று சொல்கிறேன், இதை இங்கே எழுதியதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் என் அக்கா வீட்டில் நடந்தது. அக்கா மகனுக்கு 13 வயது, என்னுடைய பழைய சார்ஜரையும் ஒரு 2எஸ் பேட்டரியையும் நான்தான் கொடுத்தேன். அது எல்லா வகையும் ஏற்றும் சார்ஜர், மோடைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பையன் நிக்கல் மோடில் போட்டு அழுத்திவிட்டான். நிக்கல் மோடில் சார்ஜர் என்ன பார்க்கும் தெரியுமா, வோல்ட் உச்சிக்குப் போய்க் கொஞ்சம் இறங்குகிறதா என்று பார்க்கும், அந்த இறக்கம் வந்தால்தான் நிறுத்தும். லிப்போவில் அந்த இறக்கம் வரவே வராது. 4.2 தாண்டியும் ஏற்றிக்கொண்டே இருக்கும். பேலன்ஸ் வயரையும் அவன் செருகவில்லை, அதனால் சார்ஜருக்கும் சந்தேகம் வரவில்லை.

அக்கா சமையலறையில் இருந்திருக்கிறாள். முதலில் புஸ்ஸென்று ஒரு சத்தம், பிரஷர் குக்கர் என்றுதான் நினைத்தாளாம். திரும்பிப் பார்க்கும்போது கூடத்தில் வெள்ளைப் புகை, அதற்குள் நெருப்பு பக்கவாட்டில் பாய்ந்து திரைச்சீலையைப் பிடித்துவிட்டது. பையனை இழுத்துக்கொண்டு வெளியே ஓடி, பக்கத்து வீட்டுக்காரர் 999-ஐக் கூப்பிட்டு, பொம்பா (தீயணைப்புப் படை) வருவதற்குள் மேசை, திரை, ஒரு சுவர் போய்விட்டது. யாருக்கும் அடியில்லை. ஆனால் வீடு முழுக்க, அலமாரிக்குள் மடித்து வைத்த சேலைவரை கரி. கொடுத்தது நான், சொல்லிக் கொடுக்காததும் நான்.

நீங்கள் நிக்கலிலேயே இருங்கள்.

பாகான்_டிரிஃப்ட் | திங்கள், மதியம் 2.03

அண்ணே. இதை இத்தனை நாள் சொல்லவே இல்லையே.

மில்லியோம் | திங்கள், மாலை 6.35

எழுதியதற்கு நன்றி செந்தூல் அண்ணே.

அக்கா, 11 வயதுக்கு நிக்கல் போதும், பிறந்தநாளுக்கு 3000 எம்ஏஎச் நிக்கல் பேக் ஒன்று வாங்கிக் கொடுங்கள், வேகம் பெரிதாக அதிகரிக்காது, ஆனால் ஒன்றரை மடங்குக்கும் மேலான நேரம் ஓடும், பையனுக்கு அதுவே பெரிய சந்தோஷம். முதலில் அந்த எப்போதும் சிவப்பு சார்ஜரைக் கவனியுங்கள். அது ஏறியதும் தானாக நிற்காத வகை. அதன் மேல் மில்லி ஆம்பியர் எழுதியிருக்கும், 500 என்றால் 1800-ஐ 500-ஆல் வகுத்து 1.4-ஆல் பெருக்குங்கள், ஐந்து மணி நேரம். அதற்கு மேல் போவதெல்லாம் வெறும் சூடு. ஹார்ட்வேர் கடையில் சுற்றி வைக்கிற பிளக் டைமர் கிடைக்கும், அதில் போட்டு, இரவில் இல்லாமல் பள்ளி விட்டு வந்ததும் போடச் சொல்லுங்கள். முடியுமானால் நிக்கலுக்கான தானியங்கி சார்ஜர் ஒன்று வாங்கிவிடுவது இன்னும் நல்லது.

பெரியவர்கள் லிப்போ வைத்திருக்கும் வீட்டிலும் ஒரே சட்டம்தான், ஆள் விழித்திருந்து பார்க்கும்போது மட்டும் சார்ஜ், கட்டிலிலும் சோபாவிலும் இல்லை, ஓடு பதித்த தரையில். 5000 எம்ஏஎச் பேக்குக்கு 5 ஆம்பியர் போதும், 1சி என்பார்கள். பேலன்ஸ் வயர் எப்போதும் செருகியிருக்க வேண்டும்.

ரெலாவ்_ராக்கெட் | திங்கள், இரவு 9.12

நெருப்பு வந்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, லித்தியம் வெடிக்கும், மணல்தான் என்று பள்ளியில் படித்த ஞாபகம்?

மில்லியோம் | திங்கள், இரவு 9.33

பள்ளியில் காட்டியது லித்தியம், சோடியம் உலோகத் துண்டு. இந்தப் பேட்டரிக்குள் அப்படி உலோகக் கட்டி எதுவும் இல்லை, லித்தியம் அயனிகளாக வேறு சேர்மங்களில் இருக்கிறது. தண்ணீர் சூட்டை இறக்கி அடுத்த செல்லுக்குப் பரவாமல் தடுக்கும், ஆனால் சார்ஜர் பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான். மணல் நெருப்பை மூடும், சூட்டைக் குறைக்காது, பக்கத்துப் பொருளைக் காப்பாற்றும். ஒரு வாளி மணல் இருந்தால் நல்லது. எதுவானாலும் புகைதான் முதல் எதிரி, அதில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு இருக்கும், நுரையீரலைப் புண்ணாக்கும். பேட்டரியைக் காப்பாற்றப் போகாதீர்கள், கதவைச் சாத்திவிட்டு வெளியே போய் 999.

பாகான்_டிரிஃப்ட் | செவ்வாய், மதியம் 12.40

சூடுதான் எதிரி என்றால் ஃபிரிட்ஜில் வைத்துவிடலாமா? தயிருக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது.

மில்லியோம் | செவ்வாய், மதியம் 12.55

குளிரில் வயதாவது குறையும், உண்மைதான். ஆனால் வெளியே எடுத்ததும் நம் ஊர் ஈரக்காற்றில் வியர்த்துவிடும், காற்றுப் புகாத பையில் போட்டு, அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். 3.8-இல் வைத்தால் வெயில் படாத மர அலமாரியே போதும், தயிரைத் தொந்தரவு செய்யாதே. அதைவிட முக்கியம், வேலைக்குப் போகும்போது காரின் பின்பெட்டியில் விட்டுவிட்டுப் போகாமல் இருப்பது. வெயிலில் நிற்கும் காருக்குள் 60 பாகை சாதாரணம்.

பாகான்_டிரிஃப்ட் | செவ்வாய், மதியம் 12.58

என் பேட்டரி இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்காதே. பார்க்கிங் வரைக்கும் போய்விட்டு வருகிறேன்.

பாகான்_டிரிஃப்ட் | செவ்வாய், மதியம் 1.26

எடுத்துவிட்டேன். கோவிட் காலத்தில் வாங்கிய நெற்றித் துப்பாக்கியால் சூடு அளந்தேன், 'ஹை' என்று மட்டும் காட்டுகிறது. நல்லதா கெட்டதா?

மில்லியோம் | செவ்வாய், மதியம் 1.31

அது மனுஷக் காய்ச்சலுக்குச் செய்தது, 43 பாகை வாக்கில் கைவிரித்துவிடும். தொழிற்சாலையில் பயன்படுத்தும் வகை வேண்டும். இப்போதைக்கு நிழலில் வை, ஆறும்வரை தொடாதே.

செந்தூல்_12டி | செவ்வாய், இரவு 10.15

சரி, அளந்தேன். மூன்று வருடப் பேட்டரி. செல் ஒன்று 17 மில்லி ஓம், செல் இரண்டு 19. அதே கம்பெனியில் போன மாதம் வாங்கிய புதுசு ஒன்று இருக்கிறது, அது 3-உம் 4-உம். போதுமா, சந்தோஷமா?

மில்லியோம் | செவ்வாய், இரவு 10.29

கோபிக்காதீர்கள் அண்ணே. முடுக்கும்போது 40 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்தால் புதுப் பேட்டரி உள்ளே 0.3 வோல்ட்தான் இழக்கும், உங்கள் பழசு ஏறக்குறைய ஒன்றரை வோல்ட் இழக்கும். ஊதவில்லை, ஆனால் கிழவனாகிவிட்டது. கிளம்பும்போது மற்ற கார்களுக்குப் பின்னால் நிற்கிறதா?

செந்தூல்_12டி | செவ்வாய், இரவு 10.34

மோட்டார் பழசாகிவிட்டது என்று போன மாதம்தான் 300 வெள்ளிக்குப் புது மோட்டார் போட்டேன்.

பழைய_ஹார்னெட் | புதன், காலை 6.05

😄

ரெலாவ்_ராக்கெட் | புதன், இரவு 8.20

தொட்டிக்குள் இருப்பதை எப்படி அப்புறப்படுத்துவது? உப்புத் தண்ணீரில் ஒரு வாரம் ஊற வைத்துக் குப்பையில் போடு என்று வேலையிடத்தில் ஒருவர் சொன்னார்.

செந்தூல்_12டி | புதன், இரவு 8.41

நானும் அப்படித்தான் செய்வேன், வாளித் தண்ணீரில் இரண்டு பிடி உப்பு.

மில்லியோம் | புதன், இரவு 9.26

பழைய வழி, நம்பக் கூடாத வழி. உப்பு நீர் முதலில் முனையை அரித்துவிடும், வயர் அறுந்ததும் மின்சாரம் உள்ளேயே தங்கிவிடும். ஒரு வாரம் கழித்து 'செத்துவிட்டது' என்று நினைத்துத் தூக்குவீர்கள், உள்ளே பாதி உயிரோடு இருக்கும்.

மோட்டார் சைக்கிள் கடையில் 12 வோல்ட் 21 வாட் சிக்னல் பல்ப் ஒன்று வாங்குங்கள். வயர் இரண்டை ஈயம் வைத்துப் பற்றவைத்து, பேட்டரி தொட்டிக்குள்ளேயே இருக்க, பல்பைத் தரையில் வைத்து இணையுங்கள். எட்டு வோல்ட்டில் ஒன்றரை ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக இழுக்கும், நான்கு மணி நேரத்தில் மங்கி அணைந்துவிடும். பகலில், நீங்கள் வீட்டில் இருக்கும்போது. சூடு ஏறுவதாகவோ மேடு பெரிதாவதாகவோ தெரிந்தால் கழற்றிவிட்டுத் தள்ளி நில்லுங்கள். அணைந்த பிறகும் ஒரு நாள் அப்படியே விடுங்கள், பூஜ்யத்துக்குப் போகட்டும். பிறகு வயர்களை ஒவ்வொன்றாக வெட்டி டேப் சுற்றுங்கள். இரண்டையும் சேர்த்து ஒரே வெட்டாக வெட்டாதீர்கள், ஷார்ட் ஆகிக் கத்திரிக்கோலில் பள்ளம் விழும்.

அப்புறம் வீட்டுக் குப்பையில் போடக் கூடாது. குப்பை லாரி அழுத்தி நசுக்கும். மலேசியாவின் 2005-ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிகளில் லித்தியம் பேட்டரிக் கழிவும் எஸ்டபிள்யூ103 என்ற எண்ணில் வருகிறது. பினாங்குத் தீவு மாநகர் மன்றத்துக்குப் போன் செய்து மின்கழிவை எங்கே, எந்த நாளில் வாங்குகிறார்கள் என்று கேளுங்கள், ஊதிய பேட்டரி என்பதையும் சொல்லிவிடுங்கள்.

ரெலாவ்_ராக்கெட் | வெள்ளி, இரவு 9.50

பல்ப் வேலை நன்றாகவே நடந்தது. புதுப் பேட்டரியும் வாங்கிவிட்டேன், இந்த முறை கடையில் தராசு கேட்டேன், கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஒரே விலையில் இரண்டு 5000 எம்ஏஎச் பேக், ஒன்று 230 கிராம், மற்றது 285. கனமானதை எடுத்தேன், ஸ்டிக்கரில் படமே இல்லை.

ஒரு சந்தேகம். ஈஎஸ்சி-யில் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) கட்-ஆஃப் 3.2 என்று வைத்திருக்கிறேன். அது பார்த்துக்கொள்ளும்தானே?

மில்லியோம் | வெள்ளி, இரவு 10.10

பேட்டரி வகையை லிப்போ என்று வைத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள், சிலவற்றில் சின்ன ஜம்பரை மாற்றிச் செருக வேண்டும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: பெரும்பாலான ஈஎஸ்சி மொத்த வோல்ட்டைத்தான் பார்க்கும், செல் செல்லாகப் பார்க்காது. 3.2 என்றால் 6.4-இல் நிறுத்தும். ஒரு செல் 3.6, இன்னொன்று 2.8 என்றாலும் கூட்டினால் அதே 6.4-தான், பலவீனமான செல் 3-க்குக் கீழே போய்ச் சாவது அதற்குத் தெரியாது. பேலன்ஸ் வயரில் செருகும் பீப் அலாரம் பத்து வெள்ளிக்குள் கிடைக்கும், 3.5-இல் கத்தும்படி வையுங்கள். கத்தினதும் ஓட்டத்தை நிறுத்துங்கள், 'இன்னும் ஒரே ஒரு சுற்று' வேண்டாம்.

கெலுகோர்_அம்மா | சனி, காலை 10.30

டைமர் வாங்கிவிட்டேன், தானியங்கி சார்ஜரும். 3000 எம்ஏஎச் நிக்கல் பேக் பிறந்தநாளுக்கு. மகனிடம் இந்த இழையில் செந்தூல் தம்பி எழுதியதை மட்டும் படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை, கொஞ்ச நேரம் கழித்து வந்து 'அந்த அண்ணாவின் பையன் இன்னும் கார் ஓட்டுகிறானா?' என்று கேட்டான்.

செந்தூல்_12டி | சனி, காலை 11.02

ஓட்டுகிறான் அக்கா, நிக்கல் பேட்டரியில். சார்ஜ் போடும்போது பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான், யார் கூப்பிட்டாலும் எழ மாட்டான்.

ரெலாவ்_ராக்கெட் | ஞாயிறு, மாலை 5.15

இன்று புது முறை. சனிக்கிழமை இரவு சார்ஜ் போடவில்லை. காலையில் எழுந்து வானத்தைப் பார்த்தேன், நீலமாக இருந்தது, அப்புறம்தான் போட்டேன். 3.8-இல் இருந்து 5 ஆம்பியரில் முக்கால் மணி நேரம் ஆனது, ஓடு பதித்த தரையில், பக்கத்திலேயே உட்கார்ந்து ரொட்டி சானாய் சாப்பிட்டேன். பத்து மணிக்குக் கார் நிறுத்துமிடத்தில் போய் இறங்கினேன். இரண்டாவது சுற்றில் தூறல். மூன்றாவது சுற்றில் கொட்டிவிட்டது.

பேட்டரி ஏறக்குறைய முழுதாக வீடு திரும்பியது, 4.13-உம் 4.13-உம். சார்ஜரில் ஸ்டோரேஜ் போட்டால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் காட்டுகிறது, அதனால் பழைய ஹெட்லைட் பல்பை எடுத்து ஓட்டின் மேல் வைத்து இணைத்துவிட்டேன், பீப் அலாரம் 3.8-இல். பல்ப் தொட முடியாத சூடு. இந்தப் பல்பு தானாக நிற்காது என்பதால் எழவும் முடியவில்லை. எதிர்வீட்டுச் சின்னப் பெண் வந்து, ஏன் அங்கிள் பகலில் கார் விளக்கை வீட்டுக்குள் வைத்து எரிக்கிறீர்கள் என்று கேட்டாள். மழை பெய்துவிட்டதல்லவா என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

இப்போதுதான் கத்தியது. பல்பைக் கழற்றியதும் 3.83, 3.83.

பாகான்_டிரிஃப்ட் | ஞாயிறு, மாலை 5.21

பாகானில் இப்போது நல்ல வெயில் மச்சான். ஏற்றிக்கொண்டு வா.